மலக்குடல் புற்றுநோய்: அறுவை சிகிச்சைக்கு முன் எம்ஆர்ஐ சொல்வது என்ன?

மலத்துடன் ரத்தம் வருவதை மூலநோய் என்று எண்ணிப் பல மாதங்களைக் கழித்துவிட்டு, புற்றுநோய் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவோர் நாட்டில் இன்றும் உள்ளனர். கொலோனோஸ்கோபியில் எடுத்த திசுவைச் சோதித்து மலக்குடல் புற்றுநோய் உறுதியானதும், "உடனே அறுவை சிகிச்சை செய்துவிடலாமா?" என்பதே குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி. அதற்குத் திசுப் பரிசோதனை மட்டும் விடை தராது. இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவை.

சுமார் 15 செ.மீ. நீளமுள்ள மலக்குடல், குறுகலான இடுப்பு எலும்புக் கூட்டுக்குள் அமைந்துள்ளது. அதைச் சுற்றிக் கொழுப்புத் திசுவும், அதற்கு வெளியே மெல்லிய உறையும் உள்ளன. இந்த உறை கிழியாமல் அனைத்தையும் ஒன்றாக அகற்றும் முறையை பிரிட்டன் அறுவை சிகிச்சை நிபுணர் பில் ஹீல்ட் 1980-களில் பரவலாக்கினார். கட்டிக்கும் உறைக்கும் இடையே 1 மி.மீ. இடைவெளிகூட இல்லையெனில், புற்றுசெல்கள் உள்ளேயே தங்கி, அதே இடத்தில் நோய் மீண்டும் தோன்றக்கூடும். இந்த இடைவெளியை எம்ஆர்ஐ மூலம் முன்கூட்டியே நம்பகமாகக் கணிக்க முடியும் என்பதை, 408 நோயாளிகளிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான 'மெர்க்குரி' ஆய்வு காட்டியது.

நோயின் தீவிரத்தை அறிய வேறு அடையாளங்களும் உண்டு. குடல் சுவரைத் தாண்டி 5 மி.மீ.க்கு மேல் கட்டி ஊடுருவியிருந்தால் ஆபத்து கூடுதல். சுவருக்கு வெளியே உள்ள சிரைகளுக்குள் கட்டி நுழைந்திருப்பது, கல்லீரல், நுரையீரலுக்கு நோய் பரவும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளவிடும் 'டிஃப்யூஷன்' படங்களில், செல்கள் நெருக்கமாகக் குவிந்த கட்டி தனித்துத் தெரியும். இந்திய நோயாளிகளில் இளம் வயதினரும், தீவிரமாகப் பரவும் 'சிக்னெட் ரிங்' செல் வகையும் மேலை நாடுகளைவிடக் கூடுதலாகக் காணப்படுவதாக மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

இத்தகைய அடையாளங்கள் இல்லாத தொடக்கநிலைக் கட்டியை நேரடியாக அகற்றலாம். அவை இருந்தால் முதலில் கதிர்வீச்சு, கீமோதெரபி. பிறகே அறுவை சிகிச்சை. ஆசனவாய்ச் சுருக்குத் தசையைக் கட்டி தொட்டுள்ளதா என்பதும் ஸ்கேனில் புலப்படும். அந்தத் தசையையும் அகற்ற நேர்ந்தால், வயிற்றில் திறப்பு அமைத்து, மலம் சேகரிக்கும் பையுடன் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிவரும். நோயாளிகள் அஞ்சுவதும் இதைத்தான்.

எனினும், எல்லா இடுப்பு ஸ்கேனும் இதற்குப் பயன்படாது. கட்டியின் போக்குக்குச் செங்குத்தாக, 3 மி.மீ.க்கு மிகாத தடிமனில் படங்கள் எடுக்கப்பட வேண்டும். பொதுவான ஸ்கேனுடன் வந்து, மீண்டும் ஒருமுறை எடுக்கச் செலவழிக்கும் நோயாளிகள் உள்ளனர். எனவே ஸ்கேன் மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நாளத்தில் செலுத்தும் சாய மருந்து பொதுவாகத் தேவையில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

எம்ஆர்ஐக்கும் வரம்புகள் உண்டு. நிணநீர் முடிச்சின் அளவை மட்டும் வைத்து அதில் புற்றுநோய் உள்ளதா எனத் துல்லியமாகக் கூற இயலாது. கதிர்வீச்சுக்குப் பின், தழும்புக்கும் எஞ்சிய கட்டிக்கும் வேறுபாடு காண்பது கடினம். இதனால், சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்து எடுக்கப்படும் இரண்டாவது எம்ஆர்ஐ, எண்டோஸ்கோபி, விரல் பரிசோதனை ஆகியவற்றின் முடிவுகளைச் சேர்த்தே மருத்துவர்கள் அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கின்றனர்.