மும்பைப் புறநகரில் வாடகை வீடு

1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தானே வரை ஓடியது. தொலைவு சுமார் 34 கிலோமீட்டர். பின்னர் நீட்டிக்கப்பட்ட அப்பாதையையொட்டி வளர்ந்த தானே, டோம்பிவிலி, கல்யாண் ஆகிய ஊர்களில்தான் மும்பையில் பணிபுரியும் பல குடும்பங்கள் இன்று வாடகைக்கு வீடு தேடுகின்றன. நகரின் மையப்பகுதியில் வாடகை கைக்கு எட்டுவதில்லை. ஆகவே நாள்தோறும் மின்ரயில் நெரிசலைப் பொறுத்துக்கொண்டு, 'ஒன் ரூம் கிச்சன்' எனப்படும் சிறு வீட்டில் அவை குடியேறுகின்றன.

வீடு கிடைத்ததும் கையெழுத்தாகும் பத்திரம் பெரும்பாலும் குத்தகைப் பத்திரமன்று. அது 'லீவ் அண்ட் லைசென்ஸ்' எனப்படும் அனுமதி உரிமம். குத்தகையில் வீட்டின் மீது ஓர் உரிமை குடியிருப்பவருக்கு மாற்றித் தரப்படுகிறது. உரிமத்திலோ, குறித்த காலம்வரை தங்கியிருக்க அனுமதி மட்டுமே வழங்கப்படுகிறது.

இம்முறை வேரூன்றியதற்கு வாடகைக் கட்டுப்பாடே காரணம் எனலாம். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் 1940 செப்டம்பர் மாத வாடகையை அடிப்படையாகக் கொண்டது. எளியோரைக் காத்த அச்சட்டம், பல்லாண்டுகள் வாடகையை உயரவிடாததால், பழுதுபார்ப்பில் உரிமையாளருக்கு இருந்த அக்கறையையும் குறைத்தது. சட்டத்தின் பிடியிலிருந்து விலக அவர்கள் உரிம முறையை நாடினர். 1973 பிப்ரவரி 1 அன்று நடப்பிலிருந்த உரிமங்களின் கீழ்க் குடியிருந்தோரையும் குத்தகைதாரராகக் கருதும் வகையில் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டை வாடகைக்கு விட்டால் திரும்பப் பெற இயலாதென்ற அச்சம் அதன்பின் வலுத்ததில் வியப்பில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. அதற்கு இத்தகைய அச்சமும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, உரிமையாளரின் அச்சத்தைப் பெரிதும் போக்கியது. உரிமக் காலம் முடிந்தும் வெளியேறாதவர் கட்டணத்தைப் போல் இருமடங்கு செலுத்த நேரிடும். வீட்டை மீட்டுத்தரத் தனி அதிகாரியும் உண்டு.

குடியிருப்போர் நிலை அவ்வளவு உறுதியானதன்று. உரிமம் வழக்கமாகப் பதினொரு மாதங்களுக்கே எழுதப்படுகிறது. கல்வியாண்டின் நடுவில் காலம் முடிந்தால் குழந்தையின் பள்ளி, தரகுக் கூலி, புதிய முன்பணம் என்று அனைத்தும் ஒருங்கே வந்து சேரும். முன்பணத்திற்கு மேற்கண்ட சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகையையே வரம்பாக்குகிறது. ஆயினும் மாநிலங்கள் சட்டமியற்றினாலன்றி அது செயலுக்கு வராது.

இருப்பினும், குடியிருப்போர் பலர் அறியாத ஒரு பாதுகாப்பு 1999 சட்டத்தின் 55ஆம் பிரிவில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, பதிவும் செய்யப்பட வேண்டும். அப்பொறுப்பு உரிமையாளருடையது. பதிவின்றி வழக்கெழுந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, நிபந்தனைகள் பற்றிக் குடியிருப்பவர் கூறுவதே ஏற்கப்படும்; தவறிய உரிமையாளருக்குத் தண்டனையும் உண்டு.

பதினொரு மாத வழக்கமோ, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கிய 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்கத் தோன்றியது. மகாராஷ்டிரத்தில் எக்கால அளவிலான உரிமத்திற்கும் பதிவு கட்டாயமான பின் அக்காரணம் மறைந்துவிட்டது. வழக்கம் மட்டும் எஞ்சியுள்ளது. இருதரப்பும் இசைந்தால் மூன்றாண்டுகளுக்கு உரிமம் எழுதிக்கொள்ளச் சட்டத்தில் தடையேதும் இல்லை.