மரைதிருகி

மரைதிருகி என்பது மரையாணிகளையும் மரைகளையும் முறுக்கவும் தளர்த்தவும் பயன்படும் கைக்கருவி ஆகும். பட்டறைகளில் இது ஸ்பேனர் என்றே வழங்கப்படுகின்றது. இழுவை வண்டிகளை முன்வண்டியுடன் பிணைக்கும் கொக்கி, பந்துமுனை, தாங்குசட்டம் ஆகியவற்றைப் பொருத்துவதில் இதன் பங்கு முதன்மையானது. மேலை நாடுகளில் மகிழுந்தின் பின்னால் கேரவன் எனப்படும் இழுவை வீடு செல்லும். புதுச்சேரி வட்டாரத்தில் இழுவை வண்டி என்றால் பெரும்பாலும் பாகூர்ப் பக்கத்து டிராக்டரின் டிரெய்லர்தான்.

வகைகள்

திறந்த வாய் மரைதிருகி மரையின் இரு பக்கங்களை மட்டுமே பற்றும். வளைய மரைதிருகி எல்லா மூலைகளையும் பற்றுவதால், இறுகிப்போன மரையை மழுங்காமல் கழற்ற அதுவே ஏற்றது. வாயளவை மாற்றத்தக்க திருகி அவசரத்திற்கு உதவும். அதனைத் திருப்பும்போது விசை அசையாத தாடையின் மேல் விழ வேண்டும். இக்கருவிக்குப் பிரெஞ்சு மொழியில் 'ஆங்கிலச் சாவி' என்று பெயர். போலந்து மொழியிலோ 'பிரெஞ்சுச் சாவி'!

அளவுகள்

பிரித்தானியரின் விட்வொர்த் மரை (1841) அங்குல அளவினது, அதன் கோணம் 55 பாகை. 1898இல் சூரிச் மாநாட்டில் ஏற்கப்பட்ட மீட்டர் அளவு மரையின் கோணம் 60 பாகை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. இந்தியாவில் மீட்டர் முறைக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. மீட்டர் அளவுகளுக்குள்ளும் குழப்பம் உண்டு. 10 மி.மீ. ஆணியின் தலை பழைய செருமானியத் தரத்தில் 17 மி.மீ., பன்னாட்டுத் தரத்தில் 16 மி.மீ. ஆகும். ஒரு மில்லிமீட்டர் பெரிய திருகியைப் போட்டால் மூலைகள் தேய்ந்துவிடும்.

முறுக்குவிசை

விசையைக் கைப்பிடியின் நீளத்தால் பெருக்கினால் முறுக்குவிசை கிடைக்கும். 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடைக்கு இணையான விசையைச் செலுத்தினால் ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர் கிடைக்கின்றது. ஆனால் 8.8 தரத்திலான 16 மி.மீ. ஆணிக்கு ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் தேவை. எனவே சிறு திருகியால் "நன்றாக முறுக்கியாயிற்று" என்று நம்புவது பெரும்பாலும் ஏமாற்றமே. போதிய இறுக்கமில்லாத ஆணி அதிர்வில் தளரும். கொக்கி கழன்றால் சுமையேற்றிய டிரெய்லர் சாலையில் தனியே ஓடும். பாதுகாப்புச் சங்கிலி இதற்காகவே பூட்டப்படுகின்றது. கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டுவது பரவலான வழக்கம். ஆனால் திறந்த வாய்த் திருகியில் அவ்வாறு செய்தால் வாய் விரிந்து கை நழுவும். அளவுகாட்டும் முறுக்குத்திருகியே சரியான கருவி, அதனைத் தளர்த்துவதற்குப் பயன்படுத்தலாகாது. எண்ணெய் பூசிய மரையில் உராய்வு குறைவதால், அதே முறுக்கில் ஆணி கூடுதலாக இழுபட்டு அறுந்துபோகவும் கூடும்.

கடற்கரையில்

புதுச்சேரி போன்ற கடலோர நகரங்களில் உப்புக்காற்றால் மரைகள் விரைவில் துருவேறுகின்றன. துருவேறிய மரையைத் தளர்த்த, முதலில் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பின் வளையத் திருகியால் சிறிது இறுக்கும் திசையிலும் சிறிது தளர்த்தும் திசையிலும் மாறி மாறி அசைத்தால் துரு உடையும். நைலான் வளையம் பதித்த மரைகளைக் கழற்றியபின் புதியன இடுவது நன்று, ஏனெனில் அவற்றின் பிடிப்பு ஒவ்வொரு முறையும் குறைகின்றது. புதிதாகப் பொருத்திய கொக்கியின் ஆணிகளைச் சிறிது தொலைவு ஓடியபின் மீண்டும் சோதித்தல் வேண்டும்.