மறைக்கப்பட்ட இருமல்

2019ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 24 இலட்சம் பேர் காசநோயாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். கொரோனா பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை 18 இலட்சமாகக் குறைந்தது. இது நற்செய்தி போலத் தோன்றலாம். ஆனால், குறைந்தது நோயன்று, பரிசோதனையே.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கினால் பேருந்துகள் நின்றன. அன்றாடக் கூலியை இழந்த குடும்பங்களுக்கு மருத்துவமனைக்கு வந்து செல்வதே பெருஞ்செலவாயிற்று. சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ட்ரூநாட் கருவிகள் பல, கொரோனா பரிசோதனைக்குத் திருப்பப்பட்டன. ஆய்வகப் பணியாளர்கள் பலரும் அப்பணிக்கே சென்றனர்.

இவற்றுடன் அச்சமும் சேர்ந்துகொண்டது. இருமினால் அண்டை வீட்டார் விலகினர். பரிசோதனைக்குச் சென்றால் தனிமைப்படுத்திவிடுவார்களோ என்று அஞ்சிப் பலர் இருமலை மறைத்தனர். அந்நாள்களில் என்னிடம் வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், நான்கு மாதங்களாக மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்து வந்திருந்தார். சளியில் இரத்தம் கண்ட பின்னரே பரிசோதனைக்கு இசைந்தார். அவருக்குக் காசநோய் உறுதியாயிற்று. உடன் வாழ்ந்த மகளுக்கும் அந்நோய் இருந்தது. மருந்தால் இருவரும் குணமடைந்தனர். ஆயினும், தந்தை முதல் மாதத்திலேயே வந்திருந்தால் மகள் தப்பியிருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

பெருந்தொற்றுக் காலம் கடந்துவிட்டது. இருமலை மறைக்கும் வழக்கம் மட்டும் சிலரிடம் எஞ்சியுள்ளது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பினும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்குக் கட்டணம் இல்லை.

பரிசோதனைக்குத் தருவது எச்சிலாக இருத்தல் கூடாது. காலையில் எழுந்ததும் வாயை நீரால் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வெளிவரும் சளியையே தருதல் வேண்டும். வீட்டினுள் பிறர் அருகில் இருக்கும்போது சளி எடுக்காமல், காற்றோட்டமான திறந்தவெளியில் எடுப்பது நல்லது.

நோய் உறுதியானால் மருந்துகள் இலவசமாகக் கிடைக்கும். பெரும்பாலோர்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு உதவித்தொகையும் உண்டு. வீட்டில் எவரேனும் தொடர்ந்து இருமினால் விலகி நிற்காதீர்கள். பரிசோதனைக்கு உடன் அழைத்து வாருங்கள்.