அழத் தெரிந்த பிள்ளைக்கு வலி தெரியாதா?

"பச்சைப் பிள்ளைக்கு என்ன வலி தெரியும்?" இதைக் கேட்டது ஊர்ப் பெரியவர்கள் மட்டுமல்ல, பெரிய பெரிய சர்ஜன்களும்தான். 1980களின் நடுப்பகுதி வரை மேலைநாடுகளில்கூடப் பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளின் நெஞ்சைத் திறந்து அறுவை செய்யும்போது, உடம்பு அசையாமலிருக்க மட்டும் ஊசி போட்டார்கள். வலி மருந்து பேருக்குத்தான், சில நேரம் அதுவும் இல்லை. அந்த மருந்தைப் பிஞ்சு உடம்பு தாங்காது என்ற பயம் ஒரு காரணம். நரம்புகளின் மேலுறை முழுதாக வளராததால் வலி மூளைக்கு எட்டாது என்ற நம்பிக்கை இன்னொன்று. பெரியவர்களுக்கே வலியில் பெரும்பகுதி மேலுறை இல்லாத நரம்பிழைகள் வழியாகத்தான் போகிறது என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

கேள்வியைத் திருப்பிப் போட்டவர்களில் முக்கியமானவர், இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த். 1987இல் 'லான்செட்' இதழில் வந்த அவர் குழுவின் ஆய்வில் இருந்தவை 16 குறைமாதக் குழந்தைகள்தான். பாதிப் பேருக்கு வழக்கமான முறையோடு ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்தார்கள். அது கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் பதற்றச் சுரப்புகள் எகிறின, அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். வலியை மூளைக்கு ஏற்றும் பாதை பிறக்கும்போதே தயார். அதை அடக்கும் பாதைதான் இன்னும் முதிரவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆக, குறைமாதப் பிள்ளைக்கு வலி கூடத்தான்.

கத்தி ஒரு நாள் சமாச்சாரம். குத்தல்கள் தினசரி. பாரிஸ் வட்டாரத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எடுத்த கணக்கு 2008இல் வெளியானது: ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சராசரியாகப் பத்து வலிதரும் செயல்கள், அவற்றில் ஐந்தில் நான்குக்கு முன்கூட்டி வலித் தணிப்பு எதுவும் இல்லை.

இதற்கு மருந்து மலிவு. ஊசிக்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் சில சொட்டு சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கரைசல் விட்டால் அழுகை குறைகிறது. குழாய் வழியே நேராக வயிற்றுக்குக் கொடுத்தால் பலனில்லை, இனிப்பு நாக்கில் பட வேண்டும். இதைவிட மலிவு தாய்ப்பால். 2003இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில் நிறைமாதக் குழந்தைகள் 180 பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வலி மதிப்பெண் பத்துக்கு ஒன்று. தாய் பால் கொடுக்காமல் வெறுமனே கையில் வைத்திருந்த பிள்ளைகளுக்குப் பத்துக்குப் பத்து! துணியோடு தூக்கிக்கொண்டால் போதாது. பால் வேண்டும், இல்லையென்றால் மார்போடு தோல் படும் கங்காரு அணைப்பாவது வேண்டும்.

தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது கல்வராயன் மலை போன்ற இடங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரில் பிறக்கும் எடை குறைந்த பிள்ளை, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிக் 'கண்ணாடிப் பெட்டி'க்கு, அதாவது இன்குபேட்டருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரசவித்த தாய் மேலேயே தங்கிவிட்டாலோ, வார்டுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டாலோ, அங்கிருக்கும் ஆகச் சிறந்த வலி மருந்து கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. "அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க" என்பதை மாற்ற மருந்துக் கொள்முதல் தேவையில்லை.

ஆனால், சர்க்கரைச் சொட்டு வைத்தியத்தை, பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கத்துக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரியில் சொட்டுவது அளந்த, கிருமி நீக்கிய கரைசல், அதுவும் வலிக்கும் நேரத்துக்கு மட்டும். மலைத்தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்குள் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகும்.

இனிப்புக்கும் எல்லை உண்டு. சர்க்கரை முகச்சுளிப்பைக் குறைத்தாலும் மூளையின் வலி அலைகளைக் குறைக்கவில்லை என்று 2010இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. கத்தி படும் வேலைக்கு லிக்னோகெய்ன் மரப்பூசியோ மயக்க மருந்தோ கட்டாயம். ஆறாவது விரலை நூலால் இறுக்கிக் கட்டி உதிர விடுகிறார்களே, அதில் வலியும் உண்டு, பின்னால் தொட்டால் சுரீரென்னும் முடிச்சும் தங்கலாம். மயக்க மருந்து மூளையைக் கெடுக்குமோ என்று தயங்கும் பெற்றோருக்கு: குடலிறக்க அறுவைக்காக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த மயக்கத்தால், ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசமில்லை என்று பல நாடுகளில் நடந்த ஆய்வு 2019இல் காட்டியிருக்கிறது.