வீட்டுக்கு வந்த வலை – 14: ஒரே லைன், ரெண்டு கம்ப்யூட்டர்

மோடம் கத்தி முடிக்கிற வரை வீட்டுப் போனை யாரும் தொடக்கூடாது என்றிருந்த டயல்-அப் காலத்தோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. போனும் பேசலாம், நெட்டும் பார்க்கலாம். வேகம் 256 கேபிபிஎஸ். இன்று கேட்டால் சிரிப்பு வரும். மத்திய அரசு பிராட்பேண்டுக்கு வகுத்திருந்த குறைந்தபட்ச அளவே அன்று அதுதான்.

ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் பார்க்கிற வீடுகளில் டேலி போட ஒரு கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருந்தது. பையன் இன்ஜினீயரிங் சேர்ந்ததும் இன்னொன்று வந்தது. 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கிய பிறகு, வீரப்பன்சத்திரத்துத் தறிக்காரர் வீட்டுக்கும் ஒன்று வந்தது. உடனே எழுந்த கேள்வி: “ஏனுங்க, இதுக்குத் தனியா ஒரு கனெக்‌ஷன் வாங்கோணுங்களா?”

வேண்டியதில்லை. 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே ஒரே கனெக்‌ஷனைப் பங்கு போடும் வசதி இருந்தது. எக்ஸ்பியில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கக் கிராஸ் கேபிள் வேண்டும். சாதாரண கேபிளில் இரு முனையிலும் வயர்கள் ஒரே வரிசையில் இருக்கும். கிராஸ் கேபிளில் ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும்: 1 போய் 3-இல், 2 போய் 6-இல். இவன் அனுப்புவது அவன் வாங்குகிற ஊசியில் போய் விழ வேண்டுமே! வரிசை பிசகாமல் எட்டு வயரையும் பிடித்துக் கிரிம்பிங் பிளையரில் ஒரே அழுத்தாக அழுத்துவது கைப்பழக்கம். கேபிள் மாட்டியதும் முதல் கம்ப்யூட்டருக்கு 192.168.0.1 என்ற முகவரி, இரண்டாவதுக்கு அதே வரிசையில் வேறொன்று.

சிக்கல் என்னவென்றால், முதல் கம்ப்யூட்டர் ஓடினால்தான் இரண்டாவதுக்கு நெட். “அப்பா, ஆஃப் பண்ணீராதீங்க, எனக்கு லைன் போயிரும்.” “கரண்டு பில்லை யாரு கட்டறது கண்ணு?” 2012-இல் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

இதைவிட நல்ல வழி பிராட்பேண்ட் மோடத்துக்குள்ளேயே இருந்தது. மோடம் பிரிட்ஜ் முறையில் இருந்தால் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து டயல் செய்வது கம்ப்யூட்டரின் வேலை. பிரவுசரில் 192.168.1.1 அடித்து உள்ளே போய் மாற்றிவிட்டால், மோடமே டயல் செய்து எல்லோருக்கும் பங்கு பிரிக்கும். யூஎஸ்பி, லேன் இரண்டும் உள்ள மோடங்களில் ஒரு கம்ப்யூட்டரை அதிலும் மற்றொன்றை இதிலும் மாட்டி, ஸ்விட்ச் வாங்கும் செலவையும் மிச்சப்படுத்தினார்கள் நம்மவர்கள்.

பங்கு பிரிக்கும் அந்த வித்தைக்கு நேட் என்று பெயர். 1994 மே மாதம் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் அதை எழுத்தில் வைத்தார்கள். மஞ்சள் மண்டிக்கு வெளியில் ஒரே பெயர்தான். உள்ளே எந்த மூட்டை யாருடையது என்பது கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருக்கும். மோடமும் வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு போர்ட் எண் போட்டுக் குறித்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. உலகத்துக்கே சுமார் 430 கோடி முகவரிதான் என்ற பழைய ஏற்பாடு இத்தனை காலம் தாக்குப்பிடித்தது இதனால்தான்.

வீட்டுச் சண்டை வந்தது கேபிளால் அல்ல, கணக்கால். மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் ஆரம்பத்தில் 1 ஜிபிதான். தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு. விண்டோஸ் அப்டேட் ஓசைப்படாமல் இறங்கி பில்லை ஏற்றிவிடும். ஆனால் இரவு 2 மணி முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. ஒரு தலைமுறைப் பையன்கள் அலாரம் வைத்து எழுந்தது பரீட்சைக்கு மட்டுமல்ல.

இன்னொரு கோளாறு பலருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. அப்பா பெட்ஷீட் டிசைன் படங்களை மெயிலில் ஏற்றினால் பையனுக்கு ஒரு பக்கமும் திறக்காது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் என்ன சம்பந்தம்? வந்து சேரும் தகவலுக்கு ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலும் மேலே போகும் குறுகலான பாதையில்தான் போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் கீழே வருவதும் தேங்கிவிடும்.

இப்போது பங்கு வீட்டோடு நிற்பதில்லை. முகவரித் தட்டுப்பாட்டால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. தறிக்குடோன் சிசிடிவியை வீட்டிலிருந்து நேராகத் திறக்க முடியாமல், கேமரா கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிப்போவது அதனால்தான்.

வைஃபையில் பங்கு கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பு மிரட்டல் மெயில், நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒருவரின் வீட்டு வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் வந்து நின்றது அவர் வாசலில். உங்கள் மோடத்துக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டுமே இன்னும் ‘அட்மின்’ என்றால், அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் இன்றே மாற்றிவிடுங்கள்.