கார்டியன் என்றால் யார்?

பாடசாலைப் படிவத்தில் "கார்டியன்" என்று ஓர் இடம் இருக்கும். அங்கே கையொப்பம் வைக்கச் சொன்னால் நம் லயங்களில் பலருக்குக் கை நடுங்குகிறது. தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில், பிள்ளை அம்மாயியிடம். இரத்தோட்டைப் பக்கத்து அம்மாயி ஒருவர் படிவத்தோடு எங்களிடம் வந்து, "ஐயா, இதுல ரேகை வச்சா புள்ளய என் பேருக்கே எழுதிருவாங்களா? மக வந்து கேட்டா என்னா சொல்ல?" என்று அழாத குறையாகக் கேட்டார். அதனால்தான் இந்தச் சொல்லைப் பற்றி எழுதுகிறோம்.

கார்டியன் என்றால் பாதுகாவலர். ரயில் காட் என்கிறோமே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். ஆங்கிலேயர் இதைப் பிரெஞ்சு மொழியிலிருந்து வாங்கினார்கள். பிரெஞ்சுக்காரரோ பழைய ஜெர்மானியப் பாஷையிலிருந்து எடுத்தார்கள். அங்கே "வ" சத்தத்தில் தொடங்கிய சொல், பிரெஞ்சுக்காரர் வாயில் "க" ஆயிற்று. ஆங்கிலத்தில் இரண்டுமே தங்கிவிட்டன. ரேடியோ வாங்கும்போது கேட்கிற கேரண்டி, வாரண்டி இரண்டும் இப்படிப் பிரிந்த ஒரே சொல்தான். காட், வாட் என்பவையும் அப்படியே. ஆஸ்பத்திரி வாட்டும் காவல் என்ற பொருளில் பிறந்ததுதான். பாதுகாவலரின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைக்கும் ஆங்கிலத்தில் வாட் என்றே பெயர்.

நம்மிடமிருந்து அங்கே போன சொல்லும் உண்டு. கண்ணால் காண்பவர் கண்காணி. அவரே கங்காணி என்று ஆங்கில அகராதியில் ஏறியிருக்கிறார். மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நம் முன்னோரை நடத்திக் கூட்டி வந்தவர்களில் ஆட்களைக் கண்காணித்தவர்களும் உண்டு, கடனை மட்டும் கண்காணித்தவர்களும் உண்டு. கடனை எழுதி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. காகிதம் என்றால் நம் சனம் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் பாடசாலைப் படிவம் அப்படிப்பட்டதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்வது, பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவது என்பதற்காகத்தான் கேட்கிறார்கள். அதில் கையொப்பம் வைப்பதால் தாயின் உரிமை போகாது. சட்டப்படி பாதுகாவலரை நியமிப்பது வேறு விஷயம்; அது நீதிமன்றத்தின் வேலை. பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் அதுவும் தேவையில்லை. 1989க்கு முன் அந்த வயது 21ஆக இருந்தது.

படிவத்தில் "உறவு" என்ற இடத்தில் "தாயின் தாய்" என்றே எழுதுங்கள். காணி, பணம், தத்து என்று பேச்சு வரும் காகிதமாக இருந்தால், எங்களிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கும்வரை ரேகை வைக்க வேண்டாம்.

அந்த அம்மாயி ரேகை வைத்துவிட்டுப் போனார். மகள் கோல் எடுத்தபோது அவளுக்கும் விளக்கிச் சொல்லிவிட்டாராம்.