ஒரு சாணும் இரண்டு விரலும்

நோர்வேக்காரர் ஏர்பேக்கை 'கொலிஷூன்ஸ்பூத்தெ' என்றும் சொல்வார்கள். மோதல் தலையணை என்று பொருள். அந்தப் பெயர் எனக்கு எப்போதும் உறுத்தும். தலையணை என்று நம்பித்தான் பலர் ஸ்டீயரிங்கை ஒட்டிக்கொண்டு உட்காருகிறார்கள்.

கார் மோதியதைச் சென்சார் உணர்ந்ததும் ஸ்டீயரிங்கின் நடுவில் ஒரு ரசாயனம் எரிகிறது. அதில் பிறக்கும் வாயு, மடிந்து கிடந்த துணிப்பையை மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும் வேகத்தில் வெளியே தள்ளுகிறது. கண்ணை ஒருமுறை இமைத்து முடிப்பதற்குள் பை நிறைந்து, வாயுவை வெளியே விட்டுத் தளரவும் தொடங்கிவிடும். அப்படித் தளர்கிற பையில் போய் விழும் தலை பிழைக்கும். பை பாய்கிற முதல் ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டருக்குள் மார்போ முகமோ இருந்தால், அடி முழுவதும் அங்கேதான்.

அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, மெதுவான மோதல்களில் முன்பக்க ஏர்பேக் விரிந்ததாலேயே 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் சீட் பெல்ட் போடாதவர்கள், அல்லது ஒழுங்காகப் போடாதவர்கள். அதே நாட்டில் 2017 வரையில் முன்பக்க ஏர்பேக் காத்த உயிர்கள் 50,000 என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே அதைக் கழற்றச் சொல்லவில்லை. உட்காரும் விதத்தைத்தான் சொல்கிறேன்.

நோர்வேயின் ஹவுகெட்டோ ரயில் நிலையத்தடியில் பனிக்காலக் காலைகளில் பிள்ளைகளை இறக்கிவிட வரும் நம் அம்மாக்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கே வந்த பிறகு லைசென்ஸ் எடுத்தவர்கள் பலர். உயரம் குறைவு, பெடலுக்குக் கால் எட்ட வேண்டும் என்று சீட்டை முன்னே இழுத்துவிடுவார்கள். மேலே தடித்த வின்டர் ஜாக்கெட், அதற்கும் மேலே பெல்ட். மோதலில் அந்த ஜாக்கெட் நசுங்கும்போது பெல்ட் தளர்ந்து, உடல் பையை நோக்கி இன்னும் முன்னே போகும்.

மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் 25 சென்டிமீட்டர் வேண்டும். ஒரு சாணும் இரண்டு விரலும். சின்னக் கை என்றால் நான்கு விரல். பெடலுக்குக் கால் எட்டும் அளவுக்குச் சீட்டைப் பின்னே தள்ளுங்கள். அப்போதும் இடைவெளி போதாவிட்டால், முதுகுச் சாய்வைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கைத் தாழ்த்தி, முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்க்கும்படி வையுங்கள். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும் இருக்கட்டும். ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே கையை நீட்டி வளைக்கிற பழக்கம், பை விரியும்போது முன்கை எலும்பை முறிக்கக்கூடும்.

பிள்ளைகளுக்கு இது இன்னும் பொல்லாதது. 2025 ஜூலையில் சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே, முன்சீட்டில் தகப்பனின் மடியில் இருந்த ஏழு வயதுப் பையன் ஏர்பேக் விரிந்ததில் இறந்தான். 140 சென்டிமீட்டர் உயரம் வராத பிள்ளையை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் இருத்தக் கூடாது என்பதே நோர்வேயில் தரப்படும் அறிவுரை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் தன் ஏர்பேக்குகளில் பயன்படுத்திய அமோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, உலோகக் கூட்டையே வெடித்துச் சில்லாக்கியது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. நிறுவனம் 2017-இல் திவாலானது. அதன் பைகள் இன்னும் சில கார்களில் இருக்கின்றன. உங்கள் கார் திரும்ப அழைக்கப்பட்டதா என்று பதிவெண்ணைச் சொல்லி விற்பனையாளரிடம் கேளுங்கள்.

பை விரிந்தபின் காருக்குள் புகைபோல வெண்தூள் நிறையும். தீப்பிடித்ததென்று பதற வேண்டாம். முடிந்தால் கதவைத் திறந்து வெளியே வாருங்கள். கண் எரிந்தால் கசக்காமல் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். மார்பு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ, வெளிக்காயம் இல்லை என்று வீட்டுக்குப் போய்விடாமல், நோர்வேயின் ஆம்புலன்ஸ் எண்ணான 113-ஐ அழையுங்கள்.